கவலை போய் மோட்டார் வந்த கதை

எங்க ஊர்ப் பக்கம் கவலை என்றால் அது மனசு சம்பந்தப்பட்ட விசயம் மட்டும் இல்லை. கிணத்துல இருந்து மாடு பூட்டி தண்ணி இறைக்கிற ஏற்பாட்டுக்கும் கவலைன்னுதான் பேரு. மத்த ஜில்லாக்காரங்க கமலை என்பாங்க. "ராத்திரி முழுக்க கவலை ஓட்டுனேன்" என்று ஒருத்தர் சொன்னால் அவர் எதையோ நினைச்சு வருத்தப்பட்டார் என்று அர்த்தம் இல்லை, இடுப்பு வலிக்குதுன்னு அர்த்தம். இன்னிக்கு அறுபது வயசைத் தாண்டினவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். எங்க வீட்டுப் பையனுக்குப் புரியலை. கிணத்து மேட்டுல நிக்கிற ரெண்டு கல்லுத் தூணையும் காட்டி, இது எதுக்குப்பான்னு கேட்டான். வாயில சொன்னா பாதிதான் சொல்ல முடியுது. அதான் எழுதுறேன்.

முதல்ல இந்த மண்ணைப் பத்தி. அவிநாசி, பல்லடம், காங்கயம் எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல கொட்டித் தீர்த்துட்டு, இங்க வெறும் காத்தாக வரும். வருசத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை கிடைச்சா பெரிசு. தஞ்சாவூர் மாதிரி ஆத்துல மடை திறந்துவிட்டு வயல் பாயுற ஊர் இல்லை இது. அதனால இங்க நிலத்துக்கே ரெண்டு பேர்தான். கிணறு இருந்தால் தோட்டம், இல்லாட்டி காடு. காட்டுல கம்பு, சோளம், கொள்ளு, வானம் பார்த்த வெள்ளாமை. தோட்டத்துல ராகி, பருத்தி, புகையிலை, கொஞ்சம் மிளகாய். ஒருத்தருக்குப் பொண்ணு கொடுக்கும்போது எத்தனை ஏக்கர்னு கேக்க மாட்டாங்க, கிணத்துல தண்ணி எத்தனை ஆள் மட்டம்னு கேப்பாங்க.

கவலை எப்படி வேலை செஞ்சதுன்னு சொல்றேன். கிணத்து ஓரத்துல ரெண்டு கல்தூண், அதுக்குக் குறுக்கே ஒரு கட்டை, அதுல ஒரு பெரிய உருளை. உருளை மேல வடம் போகும். வடத்தோட ஒரு முனையில பறி, அடுத்த முனை மாட்டோட நுகத்தடியில. பறிங்கிறது பெரிய இரும்புப் பாத்திரம், ஏழெட்டுக் குடம் தண்ணி பிடிக்கும். அதோட அடியில தோலால தைச்ச ஒரு நீளக் குழாய் தொங்கும், யானைத் தும்பிக்கை மாதிரி. அந்த வாலோட நுனியில இன்னொரு சின்னக் கயிறு கட்டியிருக்கும். அந்தக் கயிறு வாலை மேல மடக்கிப் பிடிச்சிருக்கிற வரைக்கும் தண்ணி கீழ போகாது. மாடு ரெண்டும் சரிவான மண் பாதையில இறங்கும், அதுக்கு வாரின்னு பேரு. மாடு கீழ இறங்க இறங்க பறி மேல ஏறும். ஓட்டுறவர் வடத்து மேல உக்காந்து தன் எடையையும் சேத்துக் கொடுப்பார். பறி வாய்மட்டத்துக்கு வந்ததும் வால் மட்டும் முன்னாடி தொட்டிக்குள்ள நீண்டு, தண்ணி தானாக் கொட்டும். யாரும் கிணத்தோரம் நின்னு கவிழ்க்க வேண்டியதில்லை. கொட்டி முடிஞ்சதும் மாடு திரும்பாமப் பின்பக்கமாவே நடந்து மேட்டுக்கு ஏறும். மறுபடி இறங்கும். மாட்டைப் பின்னாடி நடக்கப் பழக்குறது லேசுப்பட்ட காரியமா? காங்கயம் காளை அதைச் செஞ்சது.

ரெண்டு ஜோடி மாடு பூட்டி, வெள்ளி முளைக்கிறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு வெயில் ஏறுற வரைக்கும் ஓட்டினாலும் அரை ஏக்கர் நனைஞ்சா அதிகம். அந்தப் பக்கம் ஒரு ஆள் மம்முட்டியோட பாத்தி பாத்தியா தண்ணி கட்டணும். பெரும்பாலும் அது பொம்பளைங்க வேலை. எங்க அப்பத்தா சொல்வாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு வாய்க்கால்ல காலை வெச்சா பொழுது விடியுறப்போ விரலெல்லாம் ஊறி வெள்ளையா இருக்கும்னு. சமையல் அதுக்கப்புறம்.

இதுல ஒரு ஆளை விட்டுட்டுத்தான் எல்லாரும் கவலையைப் பத்திப் பேசுறாங்க. அந்தத் தோல் வாலைத் தைச்சுக் கொடுத்தவர். எங்க ஊர்ல அருந்ததியர் குடும்பங்கள்தான் அந்த வேலையைச் செஞ்சாங்க. தோட்டத்துல மாடு செத்தா அவங்க எடுத்துட்டுப் போகணும், தோலை உரிச்சு ஆவாரம்பட்டை போட்டுப் பதம் பண்ணணும், பறிக்கு வாலும் வீட்டாளுங்களுக்குச் செருப்பும் தைக்கணும். காசு கிடையாது, களத்துல நெல்லோ சோளமோ அளந்து விடுவாங்க. வால் கிழிஞ்சா அன்னிக்குத் தண்ணி இல்லை, அதனால ராத்திரியில கூப்பிட்டாலும் வரணும். அவர் தைச்ச தோல் வழியா வந்த தண்ணிதான் எங்க குடத்துலயும் விழுந்துச்சு. ஆனா அவர் கிணத்துல இறங்கக் கூடாது. தண்ணி வேணும்னா தள்ளி நின்னு கேக்கணும், யாராவது ஊத்தினா கையில வாங்கிக் குடிக்கணும். தோலுக்குத் தீட்டு இல்லை, தைச்சவருக்குத் தீட்டு. இதை எங்க வீட்டுல யாரும் அன்னிக்கு ஒரு விசயமாவே நினைச்சதில்லை.

அந்த வேலை செஞ்ச பெரியவர் ஒருத்தர் இன்னிக்கும் ஊர்ல இருக்கார், எண்பதைத் தாண்டிட்டார். கவலை ஓட்டுன காலம் எவ்வளவு அழகுன்னு டவுன்ல இருந்து வந்த ஒருத்தர் அவர்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தார், நானும் பக்கத்துல இருந்தேன். பெரியவர் சிரிச்சார். "உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும் சாமி. இவிய அப்பாரு தொட்டித் திட்டுல உக்காந்து வேப்பங்குச்சி கடிச்சுக்கிட்டு இருப்பாரு. ரெண்டு மணிக்கு எந்திரிச்சு மாடு பூட்டுனது எங்கய்யன். வால் தைச்சது நானு. எப்படா இது ஒழியும்னு இருந்துச்சு." எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னு இருந்தது. ஆனா அவர் சொன்னதுல எதை மறுக்க முடியும்?

ஒழிஞ்சது ஒரே நாள்ல இல்லை. 1932-ல் நீலகிரியில பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. அங்க தண்ணி விழுந்து, இங்க கரண்டா வந்தது. முதல்ல அது கோயமுத்தூர் பஞ்சு மில்லுங்களுக்குத்தான். மில்லுக்கு மோட்டார் வேணும், மோட்டாருக்கு ரிப்பேர் பட்டறை வேணும், பட்டறை இருந்தா வார்ப்படம் வேணும்னு ஒண்ணை ஒண்ணு இழுத்துட்டு வந்தது. ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு மாதிரி ஆளுங்க வெளிநாட்டுச் சாமானைப் பிரிச்சுப் பார்த்து இங்கயே செஞ்சாங்க. கோயமுத்தூர் பம்பு இந்தியா முழுக்கப் போனதுக்கு எங்க மண்ணு காஞ்சு கிடந்ததும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். செஞ்ச பம்பை வாங்க ஆள் வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தான்.

கிராமத்துக்குக் கரண்டு வர லேட்டாச்சு. நடுவுல ஆயில் இஞ்சின் காலம் ஒண்ணு. குருடாயில் ஊத்தி, கைப்பிடியைப் போட்டுச் சுத்தி, டப் டப்னு அது எழும்புற சத்தம் ரெண்டு மைலுக்குக் கேக்கும். யார் தோட்டத்துல தண்ணி பாயுதுன்னு படுக்கையில இருந்தே சொல்லிடலாம். இஞ்சின் இருந்த வீட்டுக்கு ஒரு கெத்து. ஆனா எண்ணெய் வாங்கக் காசு வேணும், அதனால பலர் பாதி நாள் இஞ்சின், பாதி நாள் கவலைன்னு ஓட்டுனாங்க. அதிகம் சொல்ல ஒண்ணும் இல்லை, சீக்கிரமே போயிடுச்சு.

1950, 60-களில் கம்பம் நட்டு கம்பி இழுத்தாங்க. எங்க கிணத்துக்குக் கரண்டு வந்தப்போ நான் மூணாவது படிச்சுக்கிட்டு இருந்தேன். வீட்டுக்கு அப்போ கரண்டு இல்லை, மோட்டார் ரூமுக்குத்தான் வந்தது. அங்க ஒரு குண்டு பல்பு. ராத்திரியில ஊர்ப் பொம்பளைங்க அந்த வெளிச்சத்துல உக்காந்து பருத்திக்காய் உடைப்பாங்க, புள்ளைங்க அங்கயே புஸ்தகத்தைப் பிரிச்சு வெச்சிருப்போம். 5 ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்துல இறைச்சதைக் கவலை பொழுதுக்கும் இறைச்சிருக்காது. முதல் நாள் எங்க அப்பாரு குழாய் வாயில கையை வெச்சு அமுக்கிப் பார்த்தாராம், நிறுத்த முடியுதான்னு.

அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் வேகம். ராகி போட்ட இடத்துல மஞ்சள், வாழை, கரும்பு வந்தது. கையில காசு புழங்குச்சு, ஓட்டு வீடு மாடி ஆச்சு. கவலை மாடு ரெண்டு ஜோடி தேவையில்லைன்னு ஒரு ஜோடியை வித்தோம், டிராக்டர் வந்ததும் அடுத்த ஜோடியையும் வித்தோம். காங்கயம் காளை இன்னிக்கு ரேக்ளாவுக்கும் போட்டோவுக்கும்தான் என்கிற மாதிரி ஆகிடுச்சு. தோல் வால் தைக்கிற வேலை ரெண்டே வருசத்துல காணாமப் போச்சு. களத்துல அளந்து விடுற தானியமும் கூடவே நின்னது. அந்தக் குடும்பங்கள் முதல்ல ரொம்பத் திண்டாடிப் போனாங்க, இதை மறைக்கக் கூடாது. வேலை இழிவுன்னு நாம சொல்லலாம், அன்னிக்கு அடுப்பு எரிஞ்சது அதுலதான். பண்ணையத்துல வருசக் கணக்குக்கு நின்ன ஆளுங்களும் மெல்ல விலகினாங்க. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது, ஆனா எங்க ஊர்ல சட்டத்தை விட அதிகமா ஆளை விடுவிச்சது திருப்பூர் பனியன் கம்பெனிங்கதான். சனிக்கிழமை ஆனா கையில சம்பளம், யாரையும் சாமின்னு கூப்பிட வேண்டியதில்லை. எங்க ஆளுங்க "வேலைக்கு ஆளே வர மாட்டேங்குறான்"னு இன்னிக்கும் டீக்கடையில புலம்புவாங்க. ஏன் வரணும்னு நான் கேட்டா என்னை ஒரு மாதிரி பாப்பாங்க.

கரண்டுக்காக உயிர் போன ஊரும் எங்களுதுதான். 1970-ல் கரண்டு ரேட்டை யூனிட்டுக்குச் சில பைசா ஏத்தினதுக்கு கோவை ஜில்லா விவசாயிகள் திரண்டாங்க. வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமை. அந்த வருசம் ஜூன் மாசம் பெருமாநல்லூர்ல போலீஸ் சுட்டதுல மூணு பேர் செத்தாங்க. எங்க ஊர்ல இருந்து பெருமாநல்லூர் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். 1972-ல் ஆயிரக்கணக்கான கட்டை வண்டிகளைக் கொண்டுபோய் கோயமுத்தூர் ரோடுகளை அடைச்சாங்க. மாட்டை வெச்சு மோட்டாருக்காகப் போராடுன கடைசித் தலைமுறை அதுதான். கவலையில இருந்து அவுத்த மாட்டை வண்டியில பூட்டிக்கிட்டுப் போனவங்களும் அதுல இருந்திருப்பாங்க. 1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும். அந்த இலவசம் ஓசியா வந்த மாதிரி டி.வி.யில பேசுறவங்க பெருமாநல்லூர் நினைவு ஸ்தூபியை ஒரு தடவை வந்து பார்க்கலாம்.

சரி, தண்ணிக்கு என்ன ஆச்சு? இங்கதான் எனக்குப் பேசக் கஷ்டமா இருக்கு.

கவலைக்கு ஒரு எல்லை இருந்தது. மாடு களைச்சா நிறுத்தணும். வடத்தோட நீளத்துக்கு மேல கிணறு ஆழம் போனா வாரியையும் நீட்டணும். கிணறு ராத்திரியில ஊறுற அளவுக்குத்தான் பகல்ல இறைக்க முடிஞ்சது. அந்தக் கட்டுப்பாடு யாரோட புத்திசாலித்தனமும் இல்லை, வசதி இல்லாமையால வந்தது. மோட்டாருக்குக் களைப்பு இல்லை. ஆனா அதுக்கும் ஒரு எல்லை இருந்தது. மேல வெச்ச பம்பு தண்ணியை உறிஞ்சுறதுக்குக் காத்தழுத்தம்தான் துணை. கணக்குப்படி 33 அடி, நடைமுறையில 25 அடிக்குக் கீழ தண்ணி இறங்கினா பம்பு திணறும். புட்வால்வுல சாணியைக் கரைச்சு ஊத்தி, ஏர் எடுத்து, என்னவெல்லாமோ செஞ்சு பார்ப்போம். அப்புறம் கிணத்துக்குள்ளயே திட்டு வெட்டி மோட்டாரை இறக்குனோம். மட்டம் இறங்க இறங்க மோட்டாரும் இறங்குச்சு. மழை பெஞ்சு தண்ணி திடீர்னு ஏறினா ராத்திரியோட ராத்திரியா கப்பி போட்டு மோட்டாரைத் தூக்கணும், இல்லாட்டி முழுகிப் போயிடும். அடுத்து கிணத்துச் சுவத்துல பக்கவாட்டுல சைடு போர் போட்டோம். அதுவும் வத்துனப்போ திருச்செங்கோடு போர் லாரியைக் கூப்பிட்டோம்.

திருச்செங்கோட்டு வண்டி போகாத மாநிலம் இந்தியாவுல இல்லைன்னு சொல்வாங்க. பாறையைப் பொடியாக்கி ஒரே ராத்திரியில 500, 600 அடி இறக்கிடுவாங்க. வெள்ளைப் புழுதி ஊரெல்லாம் மூடும். 200 அடியில தண்ணி பார்த்த ஊர் இது, இப்போ 1,000 அடிக்கு மேல போறது சாதாரணம். கம்ப்ரசர், அப்புறம் சப்மெர்சிபிள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் 800 அடி போட்டா, நான் 900. என் தண்ணி அவர் போருக்குப் போயிடுமோங்கிற பயம்தான், பேராசைன்னு சொல்ல மாட்டேன்.

ஒரு விசயம் பழைய பத்திரங்களைப் படிச்சாத் தெரியும். எங்க குடும்பப் பாகப் பத்திரத்துல "பொதுக் கிணற்றில் 4-ல் 1 பங்கும், கவலைவாரி, தொட்டி, வாய்க்கால், வழிநடை பாத்தியமும்"னு எழுதியிருக்கு. அடுத்த தலைமுறைப் பத்திரத்துல அதே வரியில "5 ஹெச்.பி. மின் மோட்டாரில் பங்கும்"னு சேர்ந்திருக்கு. நாலு பங்காளிங்களுக்கும் நாள் முறை. உன் நாள், என் நாள். முறை தப்பினா சண்டை, மம்முட்டிக் காம்பு வரைக்கும் போன சண்டையும் உண்டு. ஆனா கிணத்துத் தூர் வாரணும்னா நாலு வீடும் வந்தே ஆகணும், பேச்சுவார்த்தை இல்லாட்டியும் வரணும். போர் வந்த பிறகு அந்தப் பொதுக் கிணறு பத்திரத்துல மட்டும்தான் பொது. ஆளுக்கொரு போர், ஆளுக்கொரு சர்வீஸ். சண்டையும் நின்னுடுச்சு, எழவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பாத்துக்குறோம்.

மும்முனைக் கரண்டு பகல்ல இத்தனை மணி, ராத்திரியில இத்தனை மணின்னு முறை வெச்சுக் கொடுத்தப்போ, "கரண்டு வந்துருச்சு"ன்னு யாராவது கத்துனா நடுராத்திரியில டார்ச்சைத் தூக்கிக்கிட்டு ஓடுவோம். பாம்பு கடிச்சு போனவங்க இருக்காங்க. அதுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தது, இப்போ சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர். கல்யாண மண்டபத்துல பந்தியில உக்காந்துக்கிட்டே மோட்டாரைப் போடலாம். ஆட்டோவுல விட்டுட்டா கரண்டு வர்ற நிமிசமே எல்லா மோட்டாரும் ஒண்ணா எழும்பும், டிரான்ஸ்பார்மர் தாங்காது. தண்ணி வேணுமா வேண்டாமான்னு யாரும் போய்ப் பார்க்கிறதும் இல்லை, அது பாட்டுக்கு ஓடும். சொட்டுநீர் போட்ட பிறகு கொஞ்சம் மாறியிருக்கு. ஆனா மிச்சமான தண்ணிக்கு இன்னும் ரெண்டு ஏக்கர் தென்னை வெச்சுட்டோம், அதையும் சொல்லணும்.

மோட்டார் எரிஞ்சா நான் போறது அவிநாசியில ஒரு காயில் கட்டுற கடைக்கு. நடத்துறது அந்தத் தோல் வால் தைச்ச பெரியவரோட பேரன். ஐ.டி.ஐ. படிச்ச பையன், சுத்துவட்டாரத்துல அவன் கட்டுன காயிலுக்கு நல்ல பேர். போன மாசம் மோட்டாரைப் பிரிச்சுப் பார்த்துட்டு என்னைத் திட்டுனான். "அண்ணா, லோ வோல்டேஜ்ல ஓட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? வைண்டிங் எப்படிக் கருகியிருக்கு பாருங்க." அவன் தாத்தா என்னை சாமி என்பார், நான் எவ்வளவு சொன்னாலும் மாத்திக்க மாட்டார். பேரனுக்கு நான் அண்ணன். மோட்டாரை மாட்ட வந்தப்போ அவனே கிணத்துல இறங்குனான், மேல ஏறி வந்து எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து காபி குடிச்சான். எங்க அம்மா எவர்சில்வர் டம்ளர்லதான் கொடுத்தாங்க. இது ஒரு தலைமுறைக்கு முன்னாடி நடந்திருக்காது. ஊர்ல எல்லாத் திண்ணையிலயும் இன்னிக்கும் நடக்காது என்பதையும் சேர்த்தே எழுதுறேன்.

இப்போ ஊர் முழுக்கப் பேச்சு அத்திக்கடவு-அவிநாசித் திட்டம். அறுபது வருசத்துக்கு மேல கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்ட் 17-ல் திறந்தாங்க. பவானி ஆத்துல காளிங்கராயன் அணைக்கட்டு தாண்டிப் போற உபரித் தண்ணியில வருசத்துக்கு 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையம் வெச்சு மேட்டுக்கு ஏத்தி, 1,045 குளம் குட்டைகளுக்கு விடுறாங்க. வயலுக்கு நேராப் பாயுற தண்ணி இல்லை இது. குளத்துல நின்னு மண்ணுக்குள்ள இறங்கி கிணறு ஊறுறதுக்கான தண்ணி. மோட்டார் இறக்குன மட்டத்தை மோட்டார் வெச்சே ஏத்தப் பாக்குறோம். எங்க ஊர்க் குட்டைக்கும் குழாய் வந்திருக்கு. தண்ணி விழுறதை முதல் நாள் பார்க்க அந்தப் பெரியவரும் வந்திருந்தார், பேரன் பைக்குல உக்காந்து.

எங்க பழைய கிணத்துல கல்லுப் படி இருக்கு. அப்பாரு காலத்துல இருந்தே மட்டத்தைப் படிக் கணக்குலதான் சொல்றது. போருக்குப் போன பிறகு அந்தக் கிணத்தைப் பல வருசமா யாரும் எட்டிக்கூடப் பார்க்கலை, பாதி முள்ளு மண்டிக் கிடந்தது. இந்தத் தை மாசம் முள்ளை வெட்டிட்டு இறங்கிப் பார்த்தேன். அடியில தண்ணி கசிஞ்சு நிக்குது. பங்காளி வீட்டுக்கும் சொல்லி அனுப்பினேன், ரெண்டு பேர் வந்து பார்த்துட்டுப் போனாங்க. இப்போதைக்கு மூணு படி முழுகியிருக்கு. தூர் வாரலாமான்னு பேசிக்கிட்டு இருக்கோம்.